அக்கரையும் இக்கரையும்

வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. என் சிறு வயதில் அது வீட்டுக்கு வீடு உண்டு. துவைத்து அலசிய துணியைக் கடைசித் தண்ணீரில் முக்கி எடுப்பதற்கு முன்னால், அம்மா அதில் ஒரு சிட்டிகை ராபின் நீலத்தைக் கரைப்பாள். அளவு கொஞ்சம் மிஞ்சிப் போனால் அப்பாவின் வேட்டி முழுவதும் திட்டுத் திட்டாகிவிடும். அன்றைக்கு வீட்டில் பேச்சு குறைவாக இருக்கும். அந்த நீலத்தின் பூர்வீகம் எந்த ஊர் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மளிகைக் கடைச் சரக்கு, அவ்வளவுதான்.

பல வருஷங்களுக்குப் பிறகு வேறு எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த ஊரின் பெயர் அகப்பட்டது. இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில் ஹல் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 1840இல் ஐசக் ரெக்கிட் என்பவர் அங்கே துணிக்குப் போடும் கஞ்சி மாவு ஆலை ஒன்றை எடுத்து நடத்தத் தொடங்கினார். கஞ்சி மாவுக்குப் பின் நீலம் வந்தது. நம் வீட்டு டெட்டால் கூட அந்தக் கம்பெனியின் சரக்குத்தான். ஊரின் பெயரையே கொண்ட ஹல் ஆறு பட்டணத்தை இரண்டாக வகிர்ந்துகொண்டு போய், ஹம்பர் என்ற அகன்ற முகத்துவாரத்தில் விழுகிறது. ரெக்கிட் ஆலை இருந்தது கிழக்குக் கரையில். பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளும் அந்தப் பக்கந்தான்.

மேற்குக் கரையின் சமாசாரம் வேறு. அங்கே ஹெஸ்ஸில் ரோடு என்று நீண்ட தெரு. அதன் இருபுறமும் பிரியும் சந்துகளில் ஆழ்கடல் மீன்பிடிப்பவர்களின் குடும்பங்கள். ஆண்கள் கப்பலேறி ஐஸ்லாந்து வரைக்கும் போவார்கள். மூன்று வாரம் கடல், மூன்று நாள் வீடு. இப்படித்தான் அவர்கள் ஆயுசு கழிந்தது. அந்தத் தெருப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புருஷனோ பிள்ளையோ கப்பலேறுகிற நாளில் அவர்கள் துணி துவைக்க மாட்டார்கள். துவைத்தால் போனவனைக் கடல் அலசிக்கொண்டு போய்விடும் என்று பயம். ஊருக்குப் புறப்பட்டவர் தெருக்கோடி தாண்டுவதற்குள் வீட்டைப் பெருக்கக் கூடாது, தலை முழுகக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே மனசுதான்.

இப்படி வேறு வேறு பிழைப்புக் கொண்ட இரண்டு கரைகளுக்கும் நடுவே நூற்றுச் சொச்சம் வருஷமாக ஒரு சண்டை நடந்து வருகிறது. நிலத்துக்காக அல்ல, சாமி ஊர்வலத்துக்காகவும் அல்ல. ஒரு முட்டை வடிவப் பந்துக்காக. மேற்குக் கரையின் கட்சிக்கு ஹல் என்று பெயர். கறுப்பும் வெள்ளையுமான சட்டை. கிழக்குக் கரையின் கட்சி ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், சிவப்பும் வெள்ளையும். ரோவர்ஸுக்குச் செல்லப் பெயர் ‘ராபின்’. சிவந்த மார்புள்ள ராபின் குருவியை நினைத்து வைத்த பெயர். நம் நீலப் பொட்டலத்துக்கும் அதற்கும் உறவு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த அன்று எனக்குக் கிழக்குக் கரையின் மேல் ஒரு பட்சபாதம் விழுந்தது உண்மை. கட்சி இப்படித்தான் சேருகிறது!

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். இது ரக்பி லீக் என்ற ஆட்டம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரியின் எல்லைக்கு ஓடவேண்டும். எதிரிகள் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். சடுகுடுவில் பாடி வருகிறவனைக் காலைக் கட்டி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பந்தை முன்னால் வீசக் கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் வீசலாம். கட்சிக்குப் பதின்மூன்று பேர்.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு கூலித் தகராறில். ரக்பி பணக்காரப் பள்ளிக்கூடங்களில் தோன்றியது. வட இங்கிலாந்தில் அது சுரங்கத்துக்கும் நூலாலைக்கும் துறைமுகத்துக்கும் பரவியபோது ஒரு சிக்கல் எழுந்தது. சனிக்கிழமையும் அரை நாள் வேலை செய்கிறவன், ஆட்டத்துக்குப் போனால் அந்தக் கூலியை இழக்கிறான். இழந்த கூலிக்கு ஈடாக ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாமா என்று வடக்கத்திக்காரர்கள் கேட்டார்கள். கூடவே கூடாது, விளையாட்டுக்குப் பணமா என்றார்கள் லண்டன் கனவான்கள். அவர்களுக்குச் சனிக்கிழமைக் கூலி என்ற பிரச்னையே கிடையாது. 1895 ஆகஸ்டு 29ஆம் தேதி ஹடர்ஸ்பீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திச் சங்கங்கள் கூடித் தனிக் கட்சி கண்டன. அப்படிப் பிரிந்து வந்த சங்கங்களில் ஹல்லும் ஒன்று. ரோவர்ஸ் இரண்டு வருஷம் கழித்து, 1897இல் வந்து சேர்ந்தது.

இப்போது ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். ஹல் சங்கம் 1865இல் உண்டானது. அதைத் தொடங்கியவர்கள் மீனவர்கள் அல்ல. நல்ல பள்ளியில் படித்த இளைஞர்கள். ரோவர்ஸை 1882இல் தொடங்கியவர்கள் கொதிகலன் செய்யும் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன்கள். அந்தப் பையன்கள் எந்தக் கரை என்று நினைக்கிறீர்கள்? மேற்குக் கரை! இன்று கிழக்குக் கரையின் உயிர்மூச்சாக இருக்கும் ரோவர்ஸ் பிறந்தது ஹெஸ்ஸில் ரோடு பக்கத்தில். பூலவார்ட் என்ற மைதானத்தில் 1892 முதல் அவர்கள்தாம் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1895இல் அந்த மைதானம் ஹல் சங்கத்தின் கைக்குப் போயிற்று. ரோவர்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் கிழக்கே கிரேவன் தெருவுக்குக் குடிபோனார்கள். ஆக, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் ரத்தத்தில் ஊறியதாகச் சொல்லிக்கொள்ளும் கரை அபிமானம், ஆதியில் ஒரு மைதானம் கை மாறிய விவகாரம். சரித்திரத்தை நெருங்கிப் பார்த்தால் அநேகம் பரம்பரைப் பகைகள் இந்த மாதிரிதான் இருக்கும். அதனால் பகை பொய் என்று ஆகிவிடாது. வாடகை வீட்டிலே பிறந்த பிள்ளையும் பிள்ளைதானே?

1899இல் இரு சங்கங்களும் லீக் ஆட்டத்தில் எதிரெதிராக நின்றார்கள். அதற்குப் பிறகு ஓயவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஆட்டம் என்பது ஹல் நகரத்தில் தேர்த் திருவிழா மாதிரி ஆயிற்று. மேற்குக் கரையில் சிலர் பன்றி இறைச்சி வறுவலைத் தொடமாட்டார்களாம்; அது சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறதே என்று! நிஜமா, கேலியா என்று தெரியாதபடி இந்தக் கதை உலவுகிறது. பூலவார்டில் ‘மூன்று பென்னிக் கொட்டகை’ என்று ஒரு பகுதி அந்தக் காலத்தில் இருந்தது. அங்கே நின்றவர்களின் வாய்க்கு எதிரிகள் மட்டுமல்ல, சொந்த ஆட்டக்காரர்களும் பயந்தார்கள்.

முதல் யுத்தத்துக்கு முந்திய வருஷம் ஹல் கட்சியில் ஜாக் ஹாரிசன் என்ற பள்ளி ஆசிரியர் ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரராக இருந்தார். 1913-14 பருவத்தில் 52 முறை எல்லை தொட்டார். அந்தச் சங்கத்தில் ஒரே பருவத்தில் அவ்வளவு பேர் தொட்டதில்லை. அந்த வருஷம் ஹல் சவால் கோப்பையை வென்றது. ஹாரிசன் பிறந்தது டிரைப்பூலில், அதாவது கிழக்குக் கரையில். ஆடியது மேற்குக்கு. யுத்தம் வந்ததும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் போனார். 1917 மே 3ஆம் தேதி, பிரான்சில் ஆப்பி என்ற இடத்தில், தம் ஆட்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த யந்திரத் துப்பாக்கியை நோக்கித் தனியாக ஓடினார். கையில் வெடிகுண்டு. திரும்பவில்லை. விக்டோரியா கிராஸ் அவருடைய மனைவியிடம் கொடுக்கப்பட்டது. அந்தப் படையில் இரண்டு கரைப் பையன்களும் இருந்தார்கள். பதுங்கு குழியிலும் அவர்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பற்றித் தர்க்கம் பண்ணியிருப்பார்கள் என்றுதான் என் கதாசிரிய புத்தி சொல்கிறது.

யுத்தம் ஓய்ந்தபின் 1921இல் லீக்கின் சாம்பியன் பட்டத்துக்கு இந்த இரண்டு கட்சிகளே எதிரெதிராக வந்து நின்றன. ஹல் 16, ரோவர்ஸ் 14. அந்த இரண்டு புள்ளிகளைக் கிழக்குக் கரை எத்தனை வருஷம் நினைத்து நினைத்துப் பொருமியிருக்கும்!

அடுத்த யுத்தத்தில் அடி ஊருக்கே வந்தது. ஜெர்மன் விமானங்களுக்கு ஹம்பர் முகத்துவாரம் நல்ல அடையாளம். 1941 மே மாதம் இரண்டு இரவுகளில் ஊர் பற்றி எரிந்தது. யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். சுமார் 92,000 வீடுகளில் சேதமில்லாமல் தப்பியவை 6,000க்கும் குறைவு. ஆனால் எதிரிக்குச் சேதி தெரியக் கூடாதென்று பத்திரிகைகளும் ரேடியோவும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ‘வடகிழக்குக் கரையில் ஒரு பட்டணம்’ என்றே சொன்னார்கள். லண்டன் அடிபட்டதை உலகம் அறியும். ஹல் அடிபட்டதை ஹல்தான் அறியும். தன் பெயரை யாரும் சொல்லாத ஊருக்கு, வாரத்துக்கு ஒரு நாள் பதினாயிரம் குரல்கள் சேர்ந்து அந்தப் பெயரைக் கத்துகிற ஓர் இடம் எவ்வளவு பெரிய ஆறுதல்!

மேற்குக் கரைக்கு யுத்தமில்லாத காலத்திலும் சாவு பழக்கம்தான். 1968 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஒரு மாதத்துக்குள் செயின்ட் ரோமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லண்டு என்ற மூன்று மீன்பிடிக் கப்பல்கள் வடகடலின் பனியிலும் புயலிலும் மூழ்கின. 58 பேர் போனார்கள். பிழைத்து வந்தவர் ஒரே ஒருவர். முதல் கப்பலில் வானொலி இயக்க ஆளே இல்லை என்று தெரிந்தபோது ஹெஸ்ஸில் ரோடுப் பெண்கள் கொதித்து எழுந்தார்கள். லில்லியன் பிலாக்கா என்ற மீனவர் வீட்டுப் பெண்மணி தலையில் முக்காட்டுத் துணியோடு முன்னே நின்றார். பதினாயிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு லண்டனுக்கே போய் மந்திரிகளைப் பார்த்தார்கள். பாதுகாப்புச் சட்டங்கள் மாறின. துணி துவைக்காமல் இருந்து கணவனைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பிய தெருதான், சட்டத்தைத் துவைத்துக் காயப்போட்டது.

கப்பல் பத்திரமாயிற்று, தொழில் பத்திரமாகவில்லை. ஐஸ்லாந்து தன் கரையிலிருந்து இருநூறு மைல் வரை கடல் தனக்கே சொந்தம் என்று சொல்லி, 1976இல் அதைச் சாதித்துக்கொண்டது. ஹல்லின் மீன்பிடித் தொழில் அதோடு படுத்தது. மீன் கப்பல்கள் வந்து நின்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் துறையை அதற்கு முந்திய வருஷமே மூடியாயிற்று. கிழக்குக் கரையின் சரக்குத் துறைகளிலும் வேலை சுருங்கிக்கொண்டே வந்தது.

வேலை போன அந்த ஊரில்தான் அதிசயம் நடந்தது. 1980 மே 3ஆம் தேதி, லண்டன் வெம்பிளி மைதானத்தில் சவால் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரெதிரே ஹல்லும் ரோவர்ஸும்! ரயிலிலும் பஸ்ஸிலும் காரிலும் ஊரே காலியாயிற்று. வெளியே போகும் சாலையில் யாரோ ஒரு பலகையை எழுதி மாட்டினார்கள்: கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும். மைதானத்தில் 95,000 ஜனங்கள்.

ரோவர்ஸின் தலைவர் ராஜர் மில்வர்டு, குள்ளமான மனிதர். ஆட்டம் தொடங்கிக் கால் மணிக்குள் ஒரு மோதலில் அவருடைய தாடை உடைந்தது. வெளியே போகச் சொன்னால் போகவில்லை. உடைந்த தாடையோடு கடைசிவரை ஆடினார். ரோவர்ஸ் 10, ஹல் 5. கோப்பையைக் கையில் வாங்கும்போது அந்த மனிதர் சிரிக்கக்கூட முடியாத நிலை. அடுத்த நாள் எல்லாரும் ஒரே சாலை வழியாக ஒரே ஊருக்குத் திரும்பினார்கள். பாதிப் பேருக்குக் கல்யாணம், பாதிப் பேருக்கு இழவு. ஒரே ஆபீசில், ஒரே குடும்பத்தில்கூட இப்படித்தான். தோற்றவனுக்கு ஒளிய இடம் கிடையாது. தூரத்து எதிரி தோற்கடித்தால் மறந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரன் தோற்கடித்தால் தினமும் காலையில் அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே!

அன்று ரோவர்ஸ் பக்கம் ஓடிய ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சரித்திரம் முடியாது. கிளைவ் சல்லிவன் கறுப்பு இனத்தவர்; 1943இல் வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரில் பிறந்தார். சிறு வயதில் காலில் பல தடவை சத்திர சிகிச்சை. சரியாக நடப்பதே சந்தேகம் என்றார்கள். அந்தப் பையன் பட்டாளத்தில் இருந்தபோது 1961இல் பெயரை மறைத்துக்கொண்டு ஹல் கட்சிக்குப் பரீட்சை ஆட்டம் ஆட வந்தான். ஓடிய ஓட்டத்தைப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டார்கள். ஹல்லுக்காக 250 முறை எல்லை தொட்டார். 1972இல் கிரேட் பிரிட்டன் கட்சிக்கே தலைவராகி உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். எந்த விளையாட்டிலும் பிரிட்டனின் கட்சிக்குக் கறுப்பர் ஒருவர் தலைமை வகித்தது அதுவே முதல் தடவை. லியான் நகரத்து இறுதி ஆட்டத்தில், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் ஓடிய ஓட்டத்தை இன்றும் பேசுகிறார்கள்.

1974இல் அவர் ஆற்றைத் தாண்டி ரோவர்ஸுக்குப் போனார். கட்சி மாறியவரை நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சல்லிவனை யாரும் பேசவில்லை. கிழக்குக்காக 118 முறை எல்லை தொட்டார். 1980இல் ரோவர்ஸோடு கோப்பை வென்றவர், 1982இல் மறுபடியும் ஹல் சட்டையை மாட்டிக்கொண்டு, முப்பத்தொன்பதாம் வயதில் இறுதி ஆட்டத்தின் மறு ஆட்டத்தில் இறங்கி அங்கேயும் கோப்பை வென்றார். 1985இல் புற்றுநோயால் இறந்தபோது வயது 42. ஊருக்குள் வரும் பெருஞ்சாலைக்குக் கிளைவ் சல்லிவன் பெயரை வைத்தார்கள். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்ஸ் பிறந்த ஊர் அது. இரண்டு கரைகளும் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்ட ஒரே மனிதர், ஆற்றுக்கு எந்தப் பக்கமும் பிறக்காதவர்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். 1995 ஏப்ரலில் இந்த ஆட்டத்துக்குப் பெரும் பணம் வந்தது. டெலிவிஷன் முதலாளி ஒருவர் புதிய லீக் ஒன்றுக்காகக் கோடிக்கணக்கில் கொடுக்க முன்வந்தார். பேரம் முடிந்தபோது தொகை 8 கோடியே 70 லட்சம் பவுன். பணத்தோடு ஒரு யோசனையும் வந்தது. சின்னச் சின்னச் சங்கங்கள் எதற்கு? அக்கம் பக்கத்துச் சங்கங்களை இணைத்துவிடலாம். ஹல்லும் ரோவர்ஸும் சேர்ந்து ஹம்பர்சைடு என்று ஒரே சங்கம்!

கணக்குப் பார்த்தால் யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு கட்சிகளுமே அப்போது நொடித்திருந்தன. பழைய கிரேவன் பார்க்கை விற்று, ரோவர்ஸ் 1989இலேயே வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள். ஒரே ஊர், ஒரே ஆட்டம், ஒரே மாதிரி ஏழ்மை. சேர்ந்தால் பணம், பிரிந்தால் பட்டினி. நூறு வருஷப் பகைக்கு இதைவிட நல்ல சமாதான உடன்படிக்கை உண்டா?

ஜனங்கள் மாட்டோம் என்றார்கள். ஹல்லில் மட்டுமல்ல, இணைப்பு யோசனை வந்த ஊர்களிலெல்லாம் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனால் ஹல்லில்தான் அதன் சுவாரசியம் அதிகம். நூறு வருஷமாக ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கரைகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: நாங்கள் ஒத்துப்போக மாட்டோம்! சில வாரங்களில் யோசனை கைவிடப்பட்டது. அதற்கான விலையையும் அவர்கள் கொடுத்தார்கள். ரோவர்ஸ் கீழ்ப் பிரிவுகளில் கிடந்து, கடனில் மூழ்கி, முதல் வரிசை லீக்குக்கு வர 2007 ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒரு ரோவர்ஸ் ரசிகன் ‘சேர்ந்திருக்கலாமோ’ என்று ஒரு ராத்திரியாவது நினைக்காமலா இருந்திருப்பான்? நினைத்திருப்பான். வெளியே சொல்லியிருக்க மாட்டான்.

ஏன் இந்தப் பிடிவாதம்? யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஊர் ஜனங்களிடமிருந்து காலம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. வீடு போயிற்று, கப்பல் போயிற்று, துறை போயிற்று. மிச்சம் இருந்தது இந்தச் சண்டை. சண்டை என்றால் இரண்டு பேர் வேண்டும். எதிராளியை ஒழித்தால் வெற்றி என்று நினைப்பவன் வெறும் விரோதி. எதிராளி இருந்தால்தான் நான் நான் என்று தெரிந்துகொண்டவன் பங்காளி. பங்காளியோடு பாகம் பிரித்துக்கொள்ளலாம், கோர்ட்டுக்குப் போகலாம், பேசாமல் இருக்கலாம். அவன் பெயரை அழித்துவிட்டு வா என்று எவனாவது வெளியூர்க்காரன் பணத்தோடு வந்தால் மட்டும் விடமாட்டோம்.

அதற்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹல் கட்சி 2016க்கு முன் எட்டுத் தடவை வெம்பிளியில் இறுதி ஆட்டம் ஆடி ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. 1982இல் சமன், அந்தக் கோப்பையை மறு ஆட்டத்தில் வேறு ஊரில்தான் வென்றது. மற்ற ஏழும் தோல்வி. உங்களுக்கு அங்கே வெற்றி எழுதவில்லை என்று ரோவர்ஸ்காரர்கள் பாட்டே கட்டிப் பாடுவார்கள். 2016 ஆகஸ்டில் ஹல் வாரிங்டனை 12க்கு 10 என்று வென்றது. பாட்டு நின்றது. அதே வருஷம் அக்டோபரில் ரோவர்ஸ் ஒரே புள்ளியில் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மேற்குக் கரைக்கு அதைவிட நல்ல வருஷம் வாய்த்ததில்லை. 2025இல் சக்கரம் சுற்றியது. நாற்பது வருஷமாகப் பெரிய கோப்பை எதையும் காணாத ரோவர்ஸ், சவால் கோப்பை, லீக்கில் முதலிடம், மகா இறுதி ஆட்டம் மூன்றையும் ஒரே வருஷத்தில் அள்ளியது. மகா இறுதியில் விகனை 24க்கு 6 என்று வென்றபோது கிழக்குக் கரையில் அழாத கிழவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

அன்று மேற்குக் கரையில் என்ன செய்திருப்பார்கள்? சிலர் டெலிவிஷனை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்திருப்பார்கள். ஆனால் தூக்கம் வந்திருக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டிருக்கும். அடுத்த பெரிய வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர்கள் இருட்டில் விரல் விட்டு எண்ணியிருப்பார்கள்.

1995இல் அவர்கள் காப்பாற்றி வைத்தது அந்த எண்ணிக்கையைத்தான்.